கடிக்கிற துப்பாக்கி

அத்தியாயம் ஐந்து

தனகோட்டியின் பங்களாவில் கலியபெருமாளை முதலில் வரவேற்றது ஒரு காட்டுப்பன்றி.

கதவைத் தாண்டி ஒரு அடிதான் வைத்தார். பன்றியின் கோரைப்பல் தோளில் நறுக்கென்று இடித்தது. செத்துப் பல வருஷமாகி, உள்ளே பஞ்சு திணித்து, கண்ணுக்குப் பதில் கோலிகுண்டு பதித்து, வாசலை ஒட்டிய சுவரில் மாட்டியிருந்த தலை. இருந்தாலும் இடியில் குறை வைக்கவில்லை.

"இன்னா மேடம் இது? செத்த பன்னி ஃபுட்போர்டுல நிக்குது!" என்று தோளைத் தேய்த்துக்கொண்டார்.

ஜினப்பிரியா நின்றாள். பன்றியை ஒரு பார்வை. மேலே, சீலிங்கை ஒட்டி வரிசையாக மாட்டியிருந்த மான் தலைகளை ஒரு பார்வை. அவ்வளவுதான்.

கலியபெருமாள் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். ரிட்டையர் ஆன மறுவாரமே ஜினப்பிரியாவின் துப்பறியும் ஏஜென்சியில் ஏறிக்கொண்டவர். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை, அதுதான் ஏஜென்சி. ஜினப்பிரியா கோர்ட்டில் பத்து வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவள். 'பொய்யைக் கண்டுபிடிக்கிற திறமை இங்கே டைப் அடித்தே வீணாகிறது' என்று ஒருநாள் எழுந்து வந்துவிட்டாள். வருகிற கேஸில் பத்துக்கு ஒன்பது கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, குடித்தால் எந்த அளவு, அந்த ரகம்.

சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபிறகு ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டாள். ஆகவே கேஸும் பொழுது சாய்வதற்குள் முடியவேண்டும் என்பது ஏஜென்சியின் எழுதாத சட்டம். பிரியாணிப் பிரியரான கலியபெருமாளுக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான். எந்த கேஸும் பிரியாணிக் கடைப் பக்கம் முடிவதில்லை.

"உக்காருங்க, உக்காருங்க" என்றபடி தனகோட்டி வந்தார். ரைஸ்மில் ஓனர், உரக்கடை ஓனர். அதையெல்லாம்விட முக்கியமாக, ரீல்ஸில் 'செஞ்சி வேங்கை'. பச்சை நிறத்தில் வேட்டைக்காரத் தொப்பி. வீட்டுக்குள் வெயில் இல்லையே என்று கேட்க கலியபெருமாளுக்கு நாக்கு துடித்தது.

"போனது சாதா துப்பாக்கி இல்ல மேடம். பம்ப் துப்பாக்கி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலுல அமெரிக்காவுல செஞ்சது. எங்க தாத்தா ஒரு வெள்ளைக்காரன் ஏலத்துல எடுத்தாரு. முன்னால ஒரு கட்டை இருக்கும். பின்னால இழுத்து முன்னால தள்ளணும். ஷ்ஷக்... ஷ்ஷக்!" வாயாலேயே இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். "அந்தச் சத்தம் கேட்டாலே பன்னி நின்ன எடத்துல மூத்திரம் போயிடும்."

"இந்தப் பன்னி?" என்றார் கலியபெருமாள்.

"இது எதிர்த்து வந்துச்சு. அஞ்சடி தூரம். நான் நகரல. நெத்தியில ஒண்ணு!"

கலியபெருமாள் பன்றியின் நெற்றியைப் பார்த்தார். துளைக்குப் பதிலாக அங்கே ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"இருபது வருஷமா அது என் கையில மேடம். தூக்கத்துலகூட இழுப்பேன். அந்தத் துப்பாக்கிய இந்த சேரன் நாயி தூக்கிட்டுப் போயிட்டான்."

சேரன் அவருடைய கடலைத் தோட்டத்துக் காவல்காரன். அனந்தபுரத்துக்காரன். வியாழக்கிழமையிலிருந்து ஆளைக் காணோம், போன் சுவிட்ச் ஆஃப். கண்ணாடி பீரோவும் காலி. இன்று திங்கள்.

"போலீஸ்ல சொல்லலையா?" என்றாள் ஜினப்பிரியா.

"லைசென்ஸ்காரன் துப்பாக்கியத் தொலைச்சா லைசென்சே போயிடும். ஊருக்குள்ள மானம் இன்னாவறது? நீங்க அவன் எங்க இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சு எனக்கு ஒரு போன் போடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"மத்ததுன்னா?"

"பேசுவேன்" என்றார் தனகோட்டி. பேசுகிற ஆளின் முகமாக அது இல்லை.

அவருடைய மனைவி ஆண்டாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். ஐம்பதை ஒட்டிய மெலிந்த உருவம், இடுப்பில் சாவிக்கொத்து. டம்ளரை வைக்கும்போது மோர் தளும்பி, மேஜையில் ஒரு வட்டம் போட்டது.

ஜினப்பிரியாவின் பார்வை தனகோட்டியின் வலது கைக்குப் போயிருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெள்ளைக் கட்டு.

"கையில என்ன சார்?"

"பலாப்பழம் அறுத்தேன். கத்தி வழுக்கிடுச்சு."

"எப்ப?"

"வியாழக்கிழமை" என்றவர், "காலையில!" என்று அவசரமாகச் சேர்த்தார்.

கலியபெருமாள் கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போனார். காலித் தொழுவம். மாடுகளை விற்று ரெண்டு வருஷம் ஆகிறது என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள். தொழுவத்துக்கு அப்பால் பூட்டிய பழைய கடலைக் கிடங்கு. குப்பைத்தொட்டியில் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்ப்ரே டின். அதை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வீட்டுப் பசுவுக்குக் கொம்பு முறிந்தபோது இதைத்தான் அடித்தார். மாட்டுப் புண்ணுக்கு அடிக்கிற மருந்து. டின் புத்தம் புதுசு.

காரில் ஏறியதும் அதைச் சொன்னார். "மாடு இல்லாத வூட்ல மாட்டு மருந்து மேடம். ஒருவேளை வேங்கையே அடிச்சிக்கறாரோ?"

ஜினப்பிரியா சிரிக்கவில்லை. "கலியண்ணா, பத்து நிமிஷத்துல நீங்க ரெண்டு நல்ல விஷயம் சொல்லிட்டீங்க. ரெண்டும் ஜோக்குன்னு நெனச்சுட்டீங்க."

"ரெண்டாவது எது?"

"அது முதல்ல சொன்னது. பன்னி ஏன் ஃபுட்போர்டுல நிக்குது?"

*

கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டு நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கூடவே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துணிப்பை. கார் நின்றதும் எழுந்து ஓடிவந்தாள்.

"நீங்கதான் கண்டுபுடிக்க வந்தவங்களா? நான் சேரன் சம்சாரம், வளர்மதி. எங்க வூட்டுக்காரரு திருடல மேடம். நாலு நாளா இங்கதான் உக்காந்திருக்கேன். உள்ள வுட மாட்டேன்றாங்க. திருடின ஆளோட பொண்டாட்டி திருட்டுப் போன வூட்டு வாசல்லயா வந்து உக்காருவா?"

கோர்ட்டில் பத்து வருஷம் கேட்ட வாதங்களில் இவ்வளவு சுத்தமான வாதம் ஒன்றுகூட இல்லை என்று பின்னால் ஜினப்பிரியா சொன்னாள்.

"வியாழக்கிழமை அவர் எதுக்கு இங்க வந்தாரு?"

"ஓனரு கூப்ட்டாரு. ஏதோ வீடியோ எடுக்கணுமாம். இவரு கை ஆடாம புடிப்பாருன்னு எப்பவும் இவரத்தான் கூப்டுவாரு. பத்து மணிக்கு வந்தாரு. பதினொண்ணுக்கெல்லாம் போன் ஆஃப்." வளர்மதி கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "செத்துட்டாரா மேடம்? தெரிஞ்சா சொல்லிடுங்க. நான் தாங்கிப்பேன்."

"தெரிஞ்சதும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றாள் ஜினப்பிரியா.

கார் கொஞ்ச தூரம் போனதும் கலியபெருமாள் கண்ணாடியில் பார்த்தார். கேட்டருகே நின்ற ஒருவன் பைக்கை உதைத்து ஏறினான்.

"நமக்குப் பின்னால ஒரு டிக்கெட் வருது மேடம்."

"வரட்டும். தனகோட்டி நம்மள ஏன் புடிச்சாருன்னு இப்பப் புரியுதா? நல்ல ஏஜென்சி சென்னையில எத்தனையோ இருக்கு. நாம மாப்பிள்ளை ஜாதகம் பாக்கற ஆளுங்க. மோப்பம் புடிச்சு ஆள் இருக்கற இடத்தைக் காட்டணும், மேல எதுவும் கேக்கக் கூடாது. நம்மள வேட்டை நாயா வெச்சிருக்காரு."

கலியபெருமாளுக்கு ரோஷம் வந்தது. "நாய்க்காவது முன்கூட்டியே எலும்பு போடுவாங்க. இவரு மோரு ஊத்தியிருக்காரு."

*

வல்லத்தில் சம்பவநாதன் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். தெருவில் எண்ணெய் வாசனை வருகிற ஒரே வீடு அது. சமையல் எண்ணெய் இல்லை, மெஷின் எண்ணெய். பாலிடெக்னிக்கில் லேத் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். வயது எழுபது. ஜினப்பிரியாவுக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை. லைசென்ஸோடு மூன்று பழைய துப்பாக்கி வைத்திருந்தார்.

"தனகோட்டி துப்பாக்கி காணோமா!" என்று நெஞ்சில் கை வைத்தார். பெற்ற பிள்ளையைக் காணோம் என்றால்கூட அவ்வளவு பதறுவாரா என்று கலியபெருமாளுக்குச் சந்தேகம். "பதினொரு வருஷமா ஒரே ஒரு தடவை கையில குடுங்கன்னு கேக்கறேன். கண்ணாடிக்கு வெளியிலேயே பாத்துட்டுப் போன்னுடுவாரு. அவர் அதை இழுத்து நான் பாத்ததே இல்லை."

"அது மாதிரி உங்ககிட்ட இருக்கா மாமா?"

கேட்டதுதான் தாமதம். உள்ளே போய், பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றைக் குழந்தையைப்போல ஏந்திவந்தார். தோட்டா இல்லை என்று மூன்று தடவை திறந்து காட்டினார். தேன் நிறத்தில் வழுவழுத்த மரம், கைபட்டுக் கைபட்டுச் சாம்பல் பூத்த இரும்பு.

"இது பழைய இரும்புதானே சார்?" என்றார் கலியபெருமாள்.

"பழைய இரும்புதான். நீங்க டிக்கெட் கிழிச்ச பஸ் மட்டும் என்ன, தங்கமா? இதைப் பாருங்க. முழு இரும்புக் கட்டியைக் கடைஞ்சு, ஒவ்வொரு பாகத்தையும் ஒருத்தன் உக்காந்து அரத்தால ராவிப் பொருத்தியிருக்கான். நூறு வருஷம் ஆச்சு. இழுத்தா வெண்ணெயில கத்தி போற மாதிரி போகும். நடுவுல கழட்டினா ரெண்டா வந்துடும், ஒரு பெட்டிக்குள்ள அடங்கும். இப்ப வர்றதை இழுத்தா தகர டப்பாவைக் குலுக்கற சத்தம்தான் கேக்கும்."

"எவ்வளவு உயிர் போயிருக்கு மாமா, உங்க கையால?"

"சிவ சிவா... சே, அருகா!" என்று பதறியதில் மதமே ஒரு நிமிஷம் மாறிப்போனது. "எறும்பைக்கூட மிதிச்சதில்லைம்மா. துப்பாக்கி மூணு இருக்கு, தோட்டா ஒண்ணுகூட கிடையாது."

"கல்யாணமே பண்ணிக்காம மூணு மண்டபம் கட்டின மாதிரி" என்றார் கலியபெருமாள்.

"வேட்டைக்காரன் இதை வேற விதமா நேசிக்கிறான்" என்றார் சம்பவநாதன், காதில் விழாதவர்போல. "அஞ்சு தோட்டா போடலாம். ஒண்ணு தப்பினா இழு, அடுத்தது. அதுவும் தப்பினா அதுக்கு அடுத்தது. குறி பாக்கத் தெரியாதவனுக்கு இதைவிட நல்ல சிநேகிதன் உலகத்துல கிடையாது."

"கலியண்ணா, நீங்க இழுத்துப் பாருங்க" என்றாள் ஜினப்பிரியா.

அவருக்கும் உள்ளூர ஆசைதான். வாங்கினார். இடது கையால் முன்கட்டையைப் பிடித்து, தனகோட்டி வாயால் காட்டிய அதே வேகத்தில் இழுத்தார்.

"ஐயோ! அம்மா!"

துப்பாக்கியின் முதுகிலிருந்து ஒரு இரும்புத்துண்டு படீரென்று பின்னால் வந்து, அவருடைய வலது கையைக் கிள்ளிவிட்டு உள்ளே போனது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்து ரத்தம் துளிர்த்தது.

"அந்த மாடல் அப்படித்தான். பழகாதவனைக் கடிக்கும்" என்றார் சம்பவநாதன், துப்பாக்கிக்கு ஏதாவது ஆயிற்றா என்று பார்த்துக்கொண்டே. "ஒரு தடவை கடி வாங்கினவன் அப்புறம் கட்டை விரலை மேல வெக்கவே மாட்டான்."

கலியபெருமாள் தன் கையைப் பார்த்தார். ஜினப்பிரியாவைப் பார்த்தார். அவள் முகத்தில் இன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்திருந்தது.

"பலாப்பழம்!" என்றார் கலியபெருமாள்.

"இருபது வருஷமா தூக்கத்துலகூட இழுக்கறவரை வியாழக்கிழமை அது கடிச்சிருக்கு. அன்னிக்குத்தான் அவர் அதை முதல் தடவையா இழுத்திருக்காரு. மாமா, தெரியாத ஆள் இதை இழுத்தா வேற என்ன ஆகும்?"

சம்பவநாதனின் முகம் மாறியது. "இன்னொரு கெட்ட குணம் இருக்கும்மா. புதுசுல எல்லாம் ஒரு தடவை சுட்டா, விரலை எடுத்து மறுபடி அழுத்தினாத்தான் அடுத்தது வெடிக்கும். இதுல அந்தத் தடுப்பு இல்லை. விரல் விசைமேல அழுத்தியே இருந்ததுன்னா, கட்டையை முன்னால தள்ளின நிமிஷமே வெடிச்சுடும். சுடணும்னு நெனைக்கவே வேண்டாம்."

சம்பவநாதன் துப்பாக்கியைத் திரும்பப் பட்டுத்துணியில் சுற்றினார்.

கலியபெருமாளுக்குக் கண்முன் எல்லாம் ஓடியது. தொப்பி, வீடியோ, ஷ்ஷக். கதவோரம் போனைப் பிடித்தபடி, கை ஆடாமல் நிற்கிற சேரன். பன்றித் தலை தொங்குகிற உயரம் ஒரு ஆளின் தோள் உயரம்.

"மேடம், அந்தப் பன்னிக்குப் பின்னால..." கையிலிருந்த ரத்தத்தைத் துடைத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட இன்னான்னு போய் சொல்றது?"

"செத்தவனுக்கு யாரும் மருந்து அடிக்க மாட்டாங்க கலியண்ணா. வண்டியை எடுங்க."

*

பங்களாவுக்குத் திரும்பியபோது மணி நாலு. பைக்கில் தொடர்ந்தவனும் கூடவே வந்து சேர்ந்தான், வல்லத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்த கடுப்போடு. கேட்டருகே ஜினப்பிரியா கண்ணாடியை இறக்கி, "வளர்மதி, எங்ககூட வாங்க" என்றாள். வாட்ச்மேன் தடுக்கப் பார்த்தான். "உள்ளே நிறைய சீட் காலியா இருக்குதுப்பா" என்று கலியபெருமாள் கதவைத் திறந்துவிட்டார்.

தனகோட்டி வாசலிலேயே நின்றார். "இவளை ஏன் இட்டாந்தீங்க?"

"சேரன் இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு சார்."

தனகோட்டியின் கண் மின்னியது. "எங்க?"

"சொல்றேன். அதுக்கு முன்னால, கலியண்ணா, அந்தப் பன்னியைக் கொஞ்சம் எறக்குங்க."

"ஏய், அதைத் தொடாத!" என்று வேங்கை பாய்வதற்குள் கண்டக்டர் பன்றியின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிவிட்டார். பின்னால் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குக் காரை பெயர்ந்து, செங்கல் தெரிந்தது. சுற்றிலும் பொடிப்பொடியாக ஈயக்குண்டு பதிந்த துளைகள். வாசல் ஓரத்துத் துளைகளில் பழுப்பாகக் காய்ந்த ரத்தம்.

வளர்மதி அதைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நெத்தியில ஒண்ணுன்னீங்க" என்றார் கலியபெருமாள். "பன்னி நெத்தி நல்லாத்தான் இருக்குது சார். சுவத்துக்குத்தான் நெத்தி போயிடுச்சு."

தனகோட்டி தொப்பியைக் கழற்றினார். அது இல்லாமல் சட்டென்று நாலு அங்குலம் குறைந்துபோனார். "ஆக்சிடென்ட் மேடம். தோட்டா உள்ள போறது வீடியோல வரணும்னு ஒண்ணு போட்டேன். விசையில விரல் இருந்தது எனக்கே தெரியல. ஓரத்துல வந்த குண்டு அவன் மேல பட்டுடுச்சு. நான் உள்ள போய்... தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடிட்டான். அவன் போலீசுக்குப் போனா நான் காலி. எங்க இருக்கான் சொல்லுங்க. ஃபீஸ் டபுளா தர்றேன்."

"அவர் ஓடவே இல்லையே சார். நாலு நாளா உங்க காம்பவுண்டுக்குள்ளதான் இருக்காரு."

தனகோட்டி சிரித்தார். ஒற்றை ஆள் சிரிப்பாக அது நீண்டுகொண்டே போனது. பின்னால் டம்ளர் விழுகிற சத்தம் கேட்டதும் நின்றது.

சமையலறை வாசலில் ஆண்டாள் நின்றிருந்தாள். காலடியில் கஞ்சி சிதறிக் கிடந்தது.

"கிடங்குச் சாவியைக் குடுங்கம்மா" என்றாள் ஜினப்பிரியா மெதுவாக. "மாட்டு மருந்தை யார் வாங்கினாங்கன்னு யோசிச்சேன். இவர் வாங்கியிருந்தா எங்களைத் தேடச் சொல்லியிருக்க மாட்டாரு. இந்த வீட்ல இவரை விட்டா சாவி இருக்கறது உங்ககிட்ட மட்டும்தான்."

"நீயா?" என்றார் தனகோட்டி. 

"நான்தான்" என்றாள் ஆண்டாள். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து ஜினப்பிரியாவிடம் நீட்டினாள்.  "சிறுத்தைய நேருக்கு நேரா பாத்தேன்னு இருபது வருஷமா சொல்றீங்க. அன்னிக்கு டமால்னு கேட்டதும் பாத்ரூமுக்குள்ள ஓடித் தாப்பா போட்டுக்கிட்டீங்க. ஒரு மணி நேரம். அவன் இங்க கெடந்து துடிச்சான். நான்தான் முந்தானையால கட்டி இழுத்துட்டுப் போனேன். அந்தச் சனியன் புடிச்ச துப்பாக்கியும் திரும்ப உங்க கையில சிக்கக் கூடாதுன்னு அரிசி மூட்டைக்குள்ள பொதைச்சேன். கிடங்குல எலி இருக்குது, நீங்க அந்தப் பக்கமே வரமாட்டீங்கன்னு தெரியும்."

கலியபெருமாள் வேங்கையைப் பார்த்தார். எலி என்றதும் வேங்கை காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டதை அவர் சத்தியம் செய்து சொல்வார்.

கிடங்கைத் திறந்தபோது முதலில் நாற்றம்தான் வந்தது. சாக்குப் படுக்கையில் சேரன் கிடந்தான். இடது தோள் வீங்கி மினுமினுத்தது. ஆண்டாளின் ஒன்றுவிட்ட தம்பி, மாட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் எடுபிடி வேலை பார்ப்பவன், ஆறு குண்டில் நாலைத்தான் எடுத்திருந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது.

"வளரு..." என்றான் சேரன். "வெளிய வந்தா திருட்டு கேஸ்ல புடிப்பாங்கன்னு அம்மா சொன்னாங்க. அதான்... போனக்கூட அவங்கதான் ஆஃப் பண்ணி வெச்சாங்க."

வளர்மதி அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அழவில்லை. திரும்பி ஆண்டாளை மட்டும் ஒரு தடவை பார்த்தாள்.

ஜினப்பிரியா 108-க்குப் போன் செய்து முடித்தபோது தனகோட்டி கிடங்கு வாசல் வரைக்கும் வந்திருந்தார். வாசல் வரைக்கும்தான். "மேடம், பேசித் தீத்துக்கலாம். ஆஸ்பத்திரின்னா போலீசு வரும். நான் வூட்டுக்கே டாக்டர வரவழைக்கிறேன். சேரா, உனக்கு இன்னா வேணும் சொல்றா!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்து, "கொஞ்சம் தள்ளுங்க" என்றார்கள். செஞ்சி வேங்கை தள்ளி நின்றார்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் கலியபெருமாளின் போன் அடித்தது. சம்பவநாதன்.

"துப்பாக்கி கிடைச்சுதா? நல்லா இருக்கா? யாராவது கீழே போட்டாங்களா? கீறல் ஏதாவது?"

"ஆறு கீறல் சார்" என்றார் கலியபெருமாள். "எல்லாம் சேரன் தோள்ல இருக்குது."

போனை வைத்துவிட்டார்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வெளியே வந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். மிச்சம் ரெண்டு குண்டையும் எடுத்தாயிற்று, கை தப்பிக்கும், இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். தகவல் கிடைத்து வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து காகிதம் எடுத்தார். அவர் காலடியில் ஒரு அரிசிச் சாக்கு. ஆண்டாள் தானே தூக்கிக்கொண்டு வந்தது. உள்ளே இரண்டு துண்டாக, தவிடு ஒட்டிய துப்பாக்கி.

வளர்மதி எதிர்ப் பெஞ்சில் இருந்தாள். ஆண்டாள் அவள் அருகே போய் உட்காரப் பார்த்தாள், உட்காராமல் நின்றாள்.

"உன் புருஷன் உசிர நான்தான்..."

"நாலு நாளும்மா" என்றாள் வளர்மதி. "கேட்டாண்ட உக்காந்திருந்தேன். மாடி ஜன்னல்லேர்ந்து தெனம் பாத்தீங்க. நானும் உங்களப் பாத்தேன். ஒரு வார்த்தை, உசிரோட இருக்கான்னு ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லி அனுப்பியிருக்கலாம்."

"அவரு ஜெயிலுக்குப் போயிடுவாரேன்னு பயந்துட்டேன்."

"இவரு சுடுகாட்டுக்குப் போயிட்டாருன்னு நான் பயந்துட்டிருந்தேன்."

 ஜினப்பிரியா எழுந்து நடுவில் போவாள் என்று கலியபெருமாள் எதிர்பார்த்தார். அவள் அசையவில்லை. சில கணக்கில் மூன்றாவது ஆள் தலையிடக் கூடாது என்பதை அவரும் பஸ்ஸில் பல தடவை பார்த்தவர்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். வராந்தா முனையில் தனகோட்டி ஒரு வக்கீலோடு நின்று, மனைவியைப் பார்த்துத் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். சொல்லாதே என்று. கண்ணில் கெஞ்சல் இருந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் முதல் கெஞ்சலாக இருக்கலாம்.

ஆண்டாள் அவரைப் பார்த்தாள். பிறகு வளர்மதியைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சப்-இன்ஸ்பெக்டருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அவரு சுட்டாரு. நான் மறைச்சேன்" என்றாள். "ரெண்டையும் எழுதிக்குங்க சார்."